டேப் டிரைவைத் திட்டும் முன் கார்ட்ரிட்ஜைப் பாருங்கள்

காந்த நாடா என்றதும் மாணவர்கள் பலருக்குத் தாத்தா வீட்டு அலமாரியில் தூசு படிந்து கிடக்கும் பாட்டுக் கேசட்தான் நினைவுக்கு வரும். அது எப்போதோ வழக்கொழிந்த பொருள் என்றும் நினைப்பீர்கள். 2011 பிப்ரவரிக் கடைசியில் ஜிமெயில் பயனாளர்களில் ஏறத்தாழ 0.02 விழுக்காட்டினரின் அஞ்சல் பெட்டிகள் திடீரெனக் காலியாயின. மென்பொருளில் இருந்த ஒரு பிழை, கூகல் வைத்திருந்த பல நகல்களையும் ஒருசேரப் பாதித்துவிட்டது. அந்த மின்னஞ்சல்களை மீட்டுத் தந்தது காந்த நாடாதான். கணினியோடு இணையாமல் தனியே இருந்ததால் பிழை அதைத் தொடவில்லை.

ஐரோப்பாவின் செர்ன் ஆய்வுக்கூடம் இன்றும் தன் துகள் மோதல் தரவுகளை நாடாவில்தான் சேமிக்கிறது. இப்போது பரவலாகப் பயன்படுவது எல்டிஓ என்ற வகை. அதன் 9ஆம் தலைமுறைக் கார்ட்ரிட்ஜ் உள்ளங்கையில் அடங்கும். அதற்குள் அரை அங்குல அகலத்தில் 1,035 மீட்டர் நாடா சுற்றியிருக்கிறது. 18 டெராபைட் கொள்ளும்.

இவ்வளவு இருந்தும், "டேப் டிரைவை நம்ப முடியாது, எப்போது பார்த்தாலும் பிழை காட்டும்" என்று அலுத்துக்கொள்ளும் கணினித் துறையினர் உண்டு. அந்தப் பழியில் பாதிக்கு மேல் இயந்திரத்துக்கு உரியதல்ல என்பது என் கருத்து. கோளாறு பெரும்பாலும் கார்ட்ரிட்ஜை வாங்கும் கடையிலேயே தொடங்கிவிடுகிறது.

எல்டிஓ 2000ஆம் ஆண்டு வந்தது. எல்லாத் தலைமுறைக் கார்ட்ரிட்ஜும் ஒரே அளவு, ஒரே வடிவம். எதை வாங்கினாலும் டிரைவின் வாய்க்குள் அழகாக நுழையும். நுழைந்தால் வேலை செய்யும் என்று அர்த்தமில்லை. 7ஆம் தலைமுறை வரை விதி எளிது: ஒரு டிரைவ் தனக்கு முந்திய இரண்டு தலைமுறைகளைப் படிக்கும், முந்திய ஒரு தலைமுறையில் எழுதும். எல்டிஓ-8 அந்த விதியை மீறியது. அது எல்டிஓ-7ஐப் படிக்கும், எழுதும், எல்டிஓ-6ஐ ஏற்காது. எல்டிஓ-9 டிரைவும் அப்படியே, 8ஐத் தவிர வேறு பழையது எதுவும் அதற்கு ஆகாது. 2025இல் வந்த எல்டிஓ-10 டிரைவோ தன் தலைமுறையைத் தவிர எதையுமே தொடாது. பழைய விதியை மனப்பாடம் செய்துகொண்டு, மலிவாகக் கிடைத்த கார்ட்ரிட்ஜை வாங்கி வந்தால் டிரைவ் அதை வெளியே தள்ளத்தான் செய்யும்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. புத்தம் புதிய எல்டிஓ-7 கார்ட்ரிட்ஜை எல்டிஓ-8 டிரைவில் வேறு முறையில் தயார்செய்தால் 6 டெராபைட்டுக்குப் பதிலாக 9 டெராபைட் கிடைக்கும். லாபம்தானே என்று தோன்றும். ஆனால் அப்படி எழுதியதை எல்டிஓ-7 டிரைவும் படிக்காது, எல்டிஓ-9 டிரைவும் படிக்காது. ஒரே ஒரு தலைமுறை இயந்திரத்தை நம்பி நிற்க வேண்டும். என்னைக் கேட்டால், அந்த 3 டெராபைட்டுக்கு இது அதிக விலை.

எல்டிஓ-9 உறையில் "45 டெராபைட்" என்று பெரிதாகப் போட்டிருப்பதையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். தரவு இரண்டரை மடங்கு சுருங்கும் என்ற கணக்கில் போட்ட எண் அது. புகைப்படமும் காணொளியும் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை, அவற்றுக்கு 18தான்.

சரி, பொருத்தமான கார்ட்ரிட்ஜ்தான், ஆனாலும் பிழை வருகிறது. என்ன செய்வது? பலர் உடனே துப்புரவுக் கார்ட்ரிட்ஜை எடுத்துச் செருகுவார்கள். அது காந்தத் தலையை இலேசாக உராய்ந்து துடைக்கும் பொருள். டிரைவ் கேட்கும்போது மட்டும் போட வேண்டும்; தேவையின்றிப் போட்டால் தலை தேயும்.

அறிவியல் பாடத்தில் மாறிகளைப் பற்றிப் படித்திருப்பீர்களே, அதுதான் இங்கே கைகொடுக்கும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அதே டிரைவில், நன்றாக இருப்பதாகத் தெரிந்த வேறு கார்ட்ரிட்ஜ். பிழை மறைந்தால் சந்தேகம் முதல் கார்ட்ரிட்ஜ் மேல். மறையாவிட்டால் டிரைவ் அல்லது கேபிள் மேல். கேபிளையும் டிரைவின் மென்பொருளையும் கார்ட்ரிட்ஜையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு, "சரியாகிவிட்டது" என்பவருக்கு எது சரியானது என்றே தெரியாது. கீழே விழுந்த கார்ட்ரிட்ஜை மட்டும் இப்படிச் சோதிக்க வேண்டாம். நாடாவின் முனையில் சிறு உலோக ஊசி ஒன்று இருக்கும். அதைப் பிடித்துத்தான் டிரைவ் நாடாவை இழுக்கிறது. அது இடம் பெயர்ந்திருந்தால் நல்ல டிரைவும் கெட்டுப்போகும். முதலில் கண்ணால் பாருங்கள்.

நம் ஊர் வானிலையையும் மறக்கக் கூடாது. எல்டிஓ-9 அந்த அரை அங்குலத்தில் 8,960 தடங்களை எழுதுகிறது. வெப்பமும் ஈரப்பதமும் மாறினால் நாடாவின் அகலம் மிக நுண்ணிய அளவில் மாறும். அவ்வளவு மெல்லிய தடங்களுக்கு அதுவே பெரிது. அதனால் வெயிலில் வந்திறங்கிய பெட்டியைக் குளிர்சாதன அறையில் ஒரு நாள் வைத்துவிட்டுப் பயன்படுத்துவது நல்லது. புதிய எல்டிஓ-9 கார்ட்ரிட்ஜை முதன்முறை போடும்போது டிரைவ் அதை அளந்து பார்க்க இரண்டு மணி நேரம்கூட ஆகலாம். இயந்திரம் உறைந்துவிட்டது என்று மின்சாரத்தை அணைத்துவிடாதீர்கள்.

இவ்வளவும் செய்து "வெற்றிகரமாக எழுதப்பட்டது" என்ற செய்தி வந்தாலும், நான் அதைக் காப்பு நகல் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். வேறொரு டிரைவில் போட்டு, சில கோப்புகளையாவது மீட்டுத் திறந்து பார்த்த பிறகுதான் ஒப்புக்கொள்வேன்.

நாசாவின் லூனார் ஆர்பிட்டர் விண்கலங்கள் 1966, 67ஆம் ஆண்டுகளில் நிலவைப் படம்பிடித்து அனுப்பின. அவை பதிவான நாடாக்கள் அழியாமல் இருந்தன. அவற்றைப் படிக்கும் ஆம்பெக்ஸ் எஃப்ஆர்-900 இயந்திரங்கள்தாம் அரிதாகிப்போயின. நான்சி இவான்ஸ் என்ற நாசா அதிகாரி சில பழைய இயந்திரங்களைத் தன் வீட்டுக் கார் கொட்டகையில் பல்லாண்டு காத்து வைத்திருந்தார். கலிஃபோர்னியாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தில், மூடப்பட்ட ஒரு மெக்டோனல்ட்ஸ் உணவகத்துக்குள் வைத்து அவற்றுக்கு ஒரு குழு மீண்டும் உயிர் கொடுத்தது. நிலவின் விளிம்புக்கு மேல் பூமி தெரியும் 1966ஆம் ஆண்டுப் படம், 2008 நவம்பரில் முன்னைவிடப் பன்மடங்கு தெளிவாக வெளிவந்தது. அந்தக் கொட்டகை இல்லாவிட்டால் நாடா இருந்தும் பயனில்லை.

அதனால்தான் எல்டிஓ-10க்கு மாறத் திட்டமிடும் நிறுவனங்களின் செலவுக் கணக்கில் நான் முதலில் தேடுவது புதிய டிரைவின் விலையை அல்ல. பழைய நாடாக்களில் இருப்பதையெல்லாம் புதியவற்றுக்கு மாற்றி முடிக்கும்வரை, பழைய டிரைவ் ஒன்றையாவது ஓடும் நிலையில் வைத்திருக்கப் பணம் ஒதுக்கியிருக்கிறார்களா என்பதைத்தான்.