தியாகம் எண்டு பாடாதேங்கோ



பேர்ணில் எங்கட சேர்ந்திசைக் குழு திங்கட்கிழமைகளில்தான் கூடும். றெஸ்ரோறன்ற்றில் வேலை செய்யும் அக்காமார் பலருக்கு அன்றுதான் லீவு. யூன் 14 பெண்கள் வேலைநிறுத்தத்துக்காக இப்போது இரண்டு புதுப் பாட்டுகள் பழகுகிறோம். எழுதியது இங்கே பிறந்து வளர்ந்த நாங்கள் நாலு பேர். தாளின் ஒரு பக்கம் தமிழ் எழுத்து, மறுபக்கம் அதே வரிகள் லத்தீன் எழுத்தில். எங்களில் பாதிப் பேருக்குத் தமிழ் வாசிக்க வராது.

முதல் பாட்டு அம்மாமாரைப் பற்றியது. கோப்பை கழுவி, ஒபீஸ் துடைத்து எங்களை ஆளாக்கினார்கள் என்று உருகி உருகி எழுதியிருந்தோம். இரண்டாம் ஒத்திகையில் ஒரு அக்கா தாளைக் கீழே வைத்தார். இருபது வருசமாகக் குசினியில் நிற்பவர். "தங்கச்சி, இதில தியாகம் எண்டு நாலு இடத்தில கிடக்கு. சம்பளம் எண்டு ஒரு இடத்திலயும் இல்லை. நான் என்ன, நேர்த்திக்கே கோப்பை கழுவினனான்?"

முதலில் சிரித்தோம். பிறகு ஒருவருக்கும் சத்தம் வரவில்லை.

பிள்ளைகளாகிய நாங்கள் தியாகம் என்ற சொல்லை மரியாதைக்காகத்தான் பாவிக்கிறோம். ஆனால் தியாகம் என்று பெயர் வைத்த உழைப்புக்கு யாரும் கணக்குக் கேட்பதில்லை. மேலதிக மணித்தியாலமும் இல்லை, ஓய்வூதியமும் இல்லை, கோபமும் இல்லை. ஊரில் தாயைப் பீடத்தில் ஏற்றிய பாட்டுகளைக் கேள்வி கேட்ட நாங்களே இங்கே வந்து இன்னொரு பீடம் கட்டியிருக்கிறோம்.

1991 யூன் 14இல் சுவிஸ் பெண்களின் முதல் வேலைநிறுத்தம் கணக்குக் கேட்டுத்தான் தொடங்கியது. சம உரிமை அரசியலமைப்பில் ஏறிப் பத்து வருசமாகியும் சம்பளம் சமமாகவில்லை என்று வலே டி ஜூ பள்ளத்தாக்கின் கடிகாரத் தொழிலாளப் பெண்கள் கேட்டார்கள். அன்று சுமார் 5 லட்சம் பெண்கள் பங்கெடுத்தார்கள். 2019இல் பிற்பகல் 3.24க்கு வேலையை விட்டு வெளியேறும்படி அழைப்பு வந்தது. சம்பள வித்தியாசத்தைக் கணக்கிட்டால், அந்த நேரத்துக்குப் பிறகு பெண்கள் சும்மாதான் உழைக்கிறார்கள் என்பது அதன் பொருள்.

இதைச் சொன்னபோது அக்கா கேட்டார்: "மூண்டரைக்கு நான் எங்க வெளியேறுறது? அது என்ர சிம்மர்ஸ்ருண்ட." மத்தியானச் சாப்பாட்டுக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் இடையில் வருகிற, சம்பளமில்லாத அந்த இடைவேளை. வீட்டுக்குப் போய்வர நேரம் காணாது. இருந்து ஆற இடமும் இல்லை. எங்கள் பாட்டில் அது ஒரு வரியாகக்கூட இருக்கவில்லை.

இப்போது இருக்கிறது. அந்த வரியை அக்காதான் தொடங்குவார்.

இசையிலும் இழுபறிதான். ஒரே சுருதியில் ஒரே குரலாகப் பாடிப் பழகியவர்களுக்கு இரண்டாம் குரல் அபசுரமாகக் கேட்கிறது. சென்னையில் எம்.பி. சீனிவாசன் மெட்ராஸ் யூத் கொயரில் பாரதியின் பாட்டுகளைப் பல குரல்களில் அமைத்தவர். அவரே சினிமா இசைக் கலைஞர்களுக்குச் சங்கம் கட்டவும் பாடுபட்டவர். இரண்டும் ஒரே வேலைதான் என்று இப்போது எனக்கு விளங்குகிறது. பக்கத்தில் நிற்பவர் வேறு சுரத்தைப் பாடும்போது உங்கள் சுரத்தை விடாமல் இருக்க வேணும்; அவருடையதைக் கேட்கவும் வேணும். எங்கட கூட்டங்களில் இல்லாதது இந்தப் பழக்கம்தான்.

ஆகவே தோழர்களே, ஒரு வேண்டுகோள். துண்டறிக்கையோ பாட்டோ கோசமோ, எதை எழுதினாலும் தெருவுக்குக் கொண்டுபோக முதல், அது யாரைப் பற்றியதோ அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். அவர்கள் தாளைக் கீழே வைத்தால் திருப்பி எழுதுங்கள்.

யூன் 14 அன்று அக்காவுக்கு வேலை. அதனால் பின்னேர ஊர்வலத்துக்காகக் காத்திருக்காமல், அவருடைய இடைவேளை நேரத்திலேயே பாராளுமன்றச் சதுக்கத்தில் பாடுகிறோம். வாங்கோ. தமிழ் வாசிக்க வராது என்று நிற்க வேண்டாம். தாளின் மறுபக்கம் இருக்கிறது.

தோழமையுடன்.