பயிற்சியன்று, பாத்தியதையே

உணவுப் பாதுகாப்பின் பொருட்டுப் பெண்களுக்கு நடத்தப்படும் பயிற்சிநெறிகள் பலவும் ஓர் எடுகோளின் மீதே நிற்கின்றன: பெண் அறியாள், ஆதலின் வீடு பசித்திருக்கிறது. இவ்வெடுகோள் தவறானது. நாற்று நடவும், களை பிடுங்கவும், நெல் அவிக்கவும் அறிந்த வீரமுனைப் பெண்ணுக்கு வேண்டுவது அறிவன்று. வயலின் மீதான உரிமையே.

1943 இல் வங்காளத்தில் மடிந்தோர், உணவு அருகியமையால் அன்றி, அதனைப் பெறும் உரித்தை இழந்தமையாலேயே மடிந்தனர் என அமர்த்தியா சென் 1981 இல் வாதிட்டார். நெல் விளையும் அம்பாறைக்கும் இவ்வாதம் பொருந்துவதே.

கீழைக்கரைத் தமிழரும் முஸ்லிம்களும் வீட்டையும் வளவையும் சீதனமாக மகளுக்கே கொடுத்து வந்தவர்கள். ஆயின் 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டம், பின்னுரித்தாளர் பெயர்குறிக்கப்படாத அரச காணிகளில் ஆண்மக்களையே முற்படுத்திற்று. ஊர்வழமை அளித்ததை அரசு பறித்தது. 2022 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கத் திருத்தச்சட்டமே இவ்வேற்றுமையை நீக்கியது. எண்பத்தேழு ஆண்டுகள் கழிந்தன! அதற்கிடையில் மகன்மாரைச் சேர்ந்த வயல்களோ மீளப்போவதில்லை.

1990 ஆம் ஆண்டு வன்செயலில் கணவரைப் பறிகொடுத்து, அகதிகளாகிப் பின் ஊர் திரும்பிய வீரமுனைப் பெண்கள் குடும்பத் தலைவிகளாயினர். தலைமைப் பாரத்தைத் தலையில் ஏற்றிய சமூகம் காணிப் பத்திரத்தைக் கையில் கொடுத்ததா?

பயிற்சி வேண்டாமென்பதன்று வாதம். சத்துணவு பற்றிய அறிவு பயன்தருவதே. எனினும் காணியும், கடனும், நீர்ப்பங்கீட்டில் வாக்கும் இல்லாதவளுக்கு அளிக்கப்படும் சான்றிதழ் உலையில் ஏறாது. பயிற்சி மண்டபத்திற்கு அவளை அழைப்போர், முதலில் காணிக் கச்சேரியின் கதவைத் திறப்பாராக.