கார் வாங்கப் போறீங்களா? முதல்ல பின்னாடி போய் நில்லுங்க!

நம்ம ஆட்கள் பழைய கார் பார்க்கப் போகிற அழகே தனி. பெயின்ட்டைத் தடவுவார்கள், கதவைச் சாத்திப் பார்ப்பார்கள், ஏசி குளிருதா, பாட்டு கேட்குதா என்று சோதிப்பார்கள். கடைசியில் "பொல்யூஷன் சர்டிபிகேட் இருக்கா?" என்று ஒரு கேள்வி. ஒருவராவது சைலன்சர் பக்கம் போகிறாரா? கேட்டால், "வண்டின்னா புகை வரத்தான் செய்யும்" என்று தத்துவம் வேறு!

காமர்ஸ் படிக்கிறவன் பாஷையில் சொல்கிறேன். பாலீஷ் போட்ட பாடி வெறும் விண்டோ டிரஸ்ஸிங். நிஜமான கணக்கு பின்னாடி குழாய் வழியாகத்தான் வெளியே வருகிறது. படிக்கத் தெரிந்தால் போதும்.

நீலமாக வந்தால் இன்ஜின் ஆயில் எரிகிறது. காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் கொஞ்ச நேரம் மட்டும் வந்தால் பெரும்பாலும் வால்வு சீல். ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். அப்படியென்றால் இன்ஜினை இறக்க வேண்டும், பர்ஸையும் திறக்க வேண்டும். எரிகிற ஆயில் கேட்டலிடிக் கன்வெர்ட்டரையும் மெல்ல மெல்லக் கெடுக்கும்.

வெள்ளை? குளிர்ந்த காலையில் மெல்லிசாக வந்து மறைந்தால் அது வெறும் நீராவி, பயப்பட வேண்டாம். பெட்ரோல் காரில் இன்ஜின் சூடான பிறகும் அடர்த்தியாக வந்து, இனிப்பு வாடையும் அடித்தால் கூலன்ட் உள்ளே கசிகிறது. ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம், சிலிண்டர் ஹெட்டே விரிந்திருக்கலாம்.

கருப்பு என்றால் எரிபொருள் அதிகம், காற்று குறைவு. அடைத்த ஏர் பில்டராக இருந்தால் சில நூறு ரூபாயோடு போகும். இன்ஜெக்டர் என்றால் ஆயிரக்கணக்கில். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 டீசல் காரில் புகையை வடிகட்டவே தனி பில்டர் இருக்கிறது. அதில் கரும்புகை வந்தால் அந்த பில்டர் உடைந்திருக்கிறது, அல்லது யாரோ கழற்றிவிட்டார்கள்!

"அதான் சர்டிபிகேட் இருக்கே" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பெட்ரோல் வண்டியில் அந்தக் கருவி அளப்பது கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரோகார்பன் போன்ற வாயுக்களை. புகையின் நிறத்தை அது பார்ப்பதே இல்லை. அதுவும் வண்டி நின்றபடி எடுக்கும் சோதனை. பி.எஸ்.4 முதல் வந்த வண்டிகளுக்கு அந்தக் காகிதம் ஒரு வருடம் செல்லும். ரிங் தேய அந்த ஒரு வருடம் போதாதா? சர்டிபிகேட் போலீஸிடம் காட்ட. கார் வாங்க அது ஆதாரமே இல்லை.

விற்கிறவருக்கு இதெல்லாம் நன்றாகத் தெரியும். அதனால்தான் நீங்கள் போகும் முன்பே வண்டி ஸ்டார்ட் ஆகி சூடாக நிற்கும். "உங்களுக்காகத்தான் சார் ரெடி பண்ணி வச்சேன்" என்பார். பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால், "நாளைக்குக் காலையில் வர்றேன், நான்தான் ஸ்டார்ட் பண்ணுவேன்" என்று சொல்லுங்கள். மறுத்தால் நடையைக் கட்டுங்கள். மெக்கானிக்கைக் கூட்டிப் போனாலும் இதே விதிதான். சூடான இன்ஜின் அவரையும் ஏமாற்றும்.

அப்பா பி.எஃப். பணத்தில் வாங்கும் கார் மக்களே. ஸ்டீரியோவுக்கு ஒதுக்கும் பத்து நிமிடத்தை சைலன்சருக்கும் ஒதுக்கினால் குறைந்தா போவோம்?

பி.கு: பழைய டூ ஸ்ட்ரோக் வண்டிக்கு இந்த நீலக் கணக்கு பொருந்தாது. அதில் பெட்ரோலோடு ஆயிலும் சேர்ந்தே எரியும். அந்தப் புகைக்குப் பின்னால் நிற்கிறவர்கள் பாவம், அது தனிப் பதிவு :-)