எள்ளும் எறும்பும்

சென்ற தவணையில் ஒருநாள் கீழ்வகுப்பு மாணாக்கருக்குப் பழைய நீட்டலளவை வாய்பாட்டை ஓதுவித்தேன். அணு, தேர்த்துகள், பஞ்சிழை, மயிர், நுண்மணல், சிறுகடுகு, எள், நெல், விரல் என எட்டெட்டு மடங்காக ஏறிச் செல்வது அது. மறுநாள் ஒரு சிறுவன் கடதாசிச் சரையொன்றிலே விதைகள் கொண்டுவந்தான். "ஐயா, எட்டு நெல்லைப் பக்கம் பக்கமாக அடுக்கினால் ஒரு விரல் வருகிறது. எட்டுக் கடுகு ஓர் எள் ஆகவில்லையே!" என்றான். அடுக்கிப் பார்த்தேன். இரண்டு கடுகே எள்ளின் அகலத்தை மிஞ்சி நின்றன. முப்பது ஆண்டு ஓதுவித்த நான் ஒருமுறையேனும் அடுக்கிப் பார்த்தவனல்லேன்.

வாய்பாட்டைத் தள்ளிவிடுக என்று நான் சொல்லவில்லை. தெரிந்த பொருளைக்கொண்டு தெரியாத பொருளை அளக்கும் அதன் நெறி நன்னெறியே. நம் நெடுந்தீவுக்கு ஒல்லாந்தர் இட்ட பெயருக்குரிய டெல்வ்ற் நகரிலே லீவன்ஹூக் என்றொரு துணி வணிகர் இருந்தார். தாமே கடைந்த வில்லைகளால் நீரில் வாழும் நுண்ணுயிர்களைக் கண்டு, 1676ஆம் ஆண்டில் இலண்டன் அரச கழகத்துக்கு எழுதினார். அவற்றின் சிறுமையைப் பிறருக்கு உணர்த்த அவர் கைக்கொண்ட அளவுகள் மணலும் மயிரும் பேனின் கண்ணுமேயாம்.

நாமோ, "கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்" என்று கூறி அமைந்துவிடுகின்றோம். புலப்படாதன எல்லாம் ஓரளவினவே என்று பிள்ளை எண்ணிக்கொள்கிறது. இது கற்பித்தலாகுமா?

அச்சிறுவனின் கேள்விக்குப் பின் நான் செய்தது இது. நம் குடலில் வாழும் கோலுருப் பற்றீரியா ஒன்றின் நீளம் ஏறத்தாழ 0.002 மில்லிமீற்றர். அது ஒரு நெல்மணியின் நீளமாக வளர்ந்ததென்று கொள்வோம். அதாவது 4,000 மடங்கு. அப்பொழுது குளத்துநீரில் நீந்தும் பரமீசியம் இரண்டு முழத்தை நெருங்கும். தடித்த தலைமயிர் ஒன்றின் பருமன் ஒரு முழத்துக்குச் சற்றுக் குறையும். ஐந்து மில்லிமீற்றர் எறும்பு 20 மீற்றர் நீண்டு, கிடத்திய பனைபோற் கிடக்கும். இக்கணக்கை மாணாக்கரையே போடவிட்டேன். ஒருவன் தன் உயரத்தைப் பெருக்கி, "ஐயா, நான் ஐந்து கிலோமீற்றர்!" என்று கூவினான். வகுப்பு முழுவதும் சிரித்தது. பிறகு, தானாகவே அமைதியாயிற்று.

இது விஞ்ஞான ஆசிரியரின் வேலையன்றோ எனத் தமிழாசிரியர் சிலர் வினவக்கூடும். சிறிது, நுண்ணிது, பெரிது என்னும் சொற்களை நாள்தோறும் கற்பிப்பவர் நாம். எதனினும் சிறிது, எத்துணை மடங்கு சிறிது என்று காட்டாதவழி அச்சொற்கள் பிள்ளையின் வாயில் நிற்குமேயன்றி மனத்திற் செல்லா.

வாய்பாட்டை இன்றும் ஓதுவிக்கிறேன். அதனோடு அந்த விதைச்சரையையும் மேசைமீது அவிழ்த்து வைக்கிறேன்.