கேபிள் இழுப்பவன் நம்மவன், சாவி வைத்திருப்பவன் யார்?



நம் தமிழ்ப்பள்ளிகளுக்குக் கணினி அன்பளிப்புச் செய்யும் விழாக்களுக்குப் பஞ்சமே இல்லை. மாலை உண்டு, பொன்னாடை உண்டு, மறுநாள் நாளிதழில் படமும் உண்டு. சில மாதம் கழித்து அந்தக் கணினி அறைக்குப் போய்ப் பாருங்கள். துணி போட்டு மூடிக் கிடக்கும் கணினிகளைப் பார்த்த பெற்றோர் நம்மில் எத்தனை பேர்! கேட்டால், "இணையம் வரவில்லை, ஆள் வந்து பார்க்கணும்" என்பார்கள். அந்த ஆள் யார்? அவன் ஏன் நம் பிள்ளையாக இல்லை?

அரசாங்கத்தின் பெரிய திட்டங்களிலும் இதே கதைதான். ஏறக்குறைய 10,000 பள்ளிகளுக்கு இணைய வசதி என்று 2011இல் ஒன் பெஸ்தாரிநெட் திட்டம் தொடங்கியது. 2013ஆம் ஆண்டுக்கான தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கை, அதன் இணையக் கற்றல் தளத்தை மாணவரும் ஆசிரியரும் மிகக் குறைவாகவே பயன்படுத்துவதைச் சுட்டிக்காட்டியது. 2019இல் திட்டம் முடிவுக்கு வந்தது. கருவி வந்தது, குத்தகை போனது. பள்ளியிலேயே இருந்து வலையமைப்பைப் பராமரிக்கும் கை மட்டும் உருவாகவில்லை.

அதன் விலையை 2020இல் நம் பிள்ளைகள் கொடுத்தார்கள். மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கி, பள்ளிக்கூடம் வீட்டுக்குள் வந்தது. நாட்டில் 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்த மின்னியல் கருவியும் இல்லை என்று அவ்வாண்டு கல்வி அமைச்சின் ஆய்வே சொன்னது. கருவி இருந்த வீட்டிலும் இணைப்பு அறுந்தால் என்ன செய்வதென்று தெரியாமல் எத்தனை பிள்ளைகள் பாடத்தை இழந்தார்கள்!

நம் தாத்தா பாட்டி காலத்தை நினைத்துப் பாருங்கள். விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டியது நம் கை. ஆனால் கொட்டகையில் தராசு பிடித்ததும் கணக்குப் புத்தகம் எழுதியதும் வேறு கை. இன்று தோட்டம் போய்விட்டது, தராசு போகவில்லை! புதிய கட்டடங்களில் கூரைக்கு மேல் ஏறி வியர்க்க வியர்க்கக் கேபிள் இழுப்பவர்களில் நம் பையன்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நாள் கூலி. இழுத்து முடித்த பிறகு, குளிரூட்டிய அறையில் சுவிட்சையும் ரவுட்டரையும் அமைத்து, கடவுச்சொல்லைத் தன் கையில் வைத்திருப்பவனுக்கு மாதச் சம்பளம். இரண்டு பேருக்கும் நடுவில் இருப்பது பிறப்பு அல்ல, பயிற்சிதான்.

அந்தப் பயிற்சி ஒன்றும் எட்டாக்கனி அல்ல. முறையாகப் பழுது தேடக் கற்றவன் அங்குமிங்கும் தட்டிப் பார்ப்பதில்லை, வரிசையாகப் போவான். முதலில் கேபிளும் விளக்கும். அடுத்து கணினியின் ஐபி முகவரி. அது 169.254 என்று தொடங்கினால், ரவுட்டர் முகவரி கொடுக்கவில்லை, கணினி தனக்குத்தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். முகவரி சரியென்றால் ரவுட்டருக்கு 'பிங்' அனுப்புவான். பதில் வராவிட்டால் கோளாறு பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே. வந்தால் வெளியே 8.8.8.8க்கு அனுப்புவான். அங்கிருந்து பதில் இல்லையென்றால் வெளித் தொடர்பில் சிக்கல். பதில் வந்தும் இணையப் பக்கம் திறக்கவில்லையென்றால் டி.என்.எஸ். பக்கம் பார்ப்பான். படிவம் மூன்று படிக்கும் பிள்ளைக்கு இது புரியாதா? ஆரஞ்சுவெள்ளை, ஆரஞ்சு, பச்சைவெள்ளை, நீலம், நீலவெள்ளை, பச்சை, பழுப்புவெள்ளை, பழுப்பு என்று கேபிளின் எட்டுக் கம்பிகளையும் வரிசைப்படுத்தி முனை பொருத்த ஒரு சனிக்கிழமை போதுமே!

ஆனால் நம்மிடம் விற்கப்படுவது என்ன? எஸ்.பி.எம். முடிவு வந்ததும் பளபளக்கும் விளம்பரங்கள். ஆயிரக்கணக்கில் கடன் வாங்கிச் சேர்த்துவிட்டு, ஒரு ரவுட்டரைக்கூடத் தொடாமல் சான்றிதழோடு வரும் பிள்ளைகளைப் பார்க்கிறோம். பெற்றோரே, பணம் கட்டுமுன் மூன்று கேள்வி கேளுங்கள். இந்தப் படிப்புக்கு எஸ்.கே.எம். அங்கீகாரம் உண்டா? வாரத்தில் எத்தனை மணி நேரம் என் பிள்ளை கருவியைக் கையில் எடுப்பான்? படித்து முடித்தவர்கள் எங்கே வேலை செய்கிறார்கள்? பதில் மழுப்பலாக வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

வேறு வழிகளும் உண்டு. மனிதவள அமைச்சின் அட்டெக் பயிற்சிக் கழகங்கள் இருக்கின்றன. பல ஆண்டு இதே வேலை செய்தும் கையில் காகிதம் இல்லாதவர்கள், பி.பி.டி. முறையில் தங்கள் அனுபவத்தை நிரூபித்து எஸ்.கே.எம். பெறலாம். உலகெங்கும் மதிக்கப்படும் சி.சி.என்.ஏ. தேர்வு 2020 பிப்ரவரி முதல் ஒரே தாளாக உள்ளது. எந்தக் கல்லூரியிலும் சேராமலே எழுதலாம். கட்டணம் ஆயிரம் வெள்ளிக்கு மேல் ஆகும், உண்மைதான். ஆனால் பயிற்சிக்கு உதவும் 'பேக்கெட் டிரேசர்' மென்பொருள் இலவசம். பழைய மடிக்கணினியிலேயே ஒரு முழு வலையமைப்பைக் கட்டிப் பழகலாம்.

இதனால் அரசாங்கத்தின் கடமை தீர்ந்துவிடாது. வரி கட்டும் குடிமக்களாகக் கேட்கிறோம். அரசுப் பயிற்சிக் கழகங்களில் எத்தனை இந்திய மாணவர்கள் சேர்கிறார்கள், எத்தனை பேர் முடிக்கிறார்கள் என்ற கணக்கை ஆண்டுதோறும் வெளியிடுங்கள். தமிழ்ப்பள்ளிக்குக் கணினி ஒதுக்கும்போதே பராமரிப்புக்கும் பணம் ஒதுக்குங்கள். அந்த வேலையில் வட்டார இளைஞர்களைப் பயிற்சியாளர்களாக அமர்த்துங்கள். இது சலுகை அல்ல, உரிமை!

நம் தலைவர்களுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த முறை பத்துக் கணினி கொடுக்க வருகிறீர்களா? எட்டுக் கொடுங்கள் போதும். மிச்சப் பணத்தில் இரண்டு பிள்ளைகளின் தேர்வுக் கட்டணத்தைக் கட்டுங்கள். அதற்குப் படம் எடுத்துக்கொண்டாலும் நாங்கள் கோபிக்க மாட்டோம்.

இளைஞனே, இன்று இரவு உன் வீட்டு ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து பார். வாங்கிய நாளில் இருந்த அதே கடவுச்சொல் இருந்தால் மாற்று. முதல் பாடம் அதுதான். கேபிளை இழுத்த கை சாவியையும் பிடிக்கட்டும்!