அன்பை அகப்பையில அளக்காதீங்க

வழக்கமா தென்னை, மாடு, மழைன்னு எழுதற நான் இன்னிக்கு வயித்தப் பத்தி எழுதப் போறேனுங்க. உடம்பு எடையைக் குறைக்க இரைப்பையில ஆபரேசன் பண்ணிக்கிட்டவங்க, அதுக்கப்புறம் நம்ம வீடுகள்ல எப்படி வாழறாங்கங்கறதுதான் விசயம். என்ற கருத்தை முதல்லயே சொல்லிடறேன். ஆபரேசன் நடக்கறது ஒரு ஆளோட வயித்துல. ஆனா அதுக்கப்புறம் அந்த வீட்டு அடுப்படியும், பந்தியும், பரிமாறற கையும் சேர்ந்து மாறணும். அது மாறலைன்னா, லட்சக்கணக்குல செலவு பண்ணிச் செஞ்ச வேலையை நாமளே கரண்டியால கெடுத்துடுவோம்.

இதை நான் புத்தகத்துல படிச்சு மட்டும் சொல்லலை. என்ற பெரியப்பா மகள், எனக்கு அக்கா, ரெண்டரை வருசத்துக்கு முன்னாடி இந்த ஆபரேசன் பண்ணிக்குச்சு. பேர் போடக்கூடாதுங்கற கண்டிசனோடதான் எழுதச் சம்மதிச்சுது. அப்போ எடை 118 கிலோ. நாலு சக்கரை மாத்திரை, ரெண்டு முழங்காலும் வலி, பஸ் படி ஏற இன்னொருத்தர் கை வேணும். ராத்திரி குறட்டையில மூச்சு நின்னு நின்னு வரும்.

ஊர்ல முதல்ல கேட்ட கேள்வி, "காட்டுல இறங்கி வேலை செஞ்சா இளைக்காதா? எதுக்கு இந்தக் குறுக்கு வழி?" பட்டணத்துல இருக்கற நீங்க இதையே வேற மாதிரி கேப்பீங்க: "வாக்கிங் போனா ஆகாதா? டயட் இருந்தா ஆகாதா?" அக்கா இருபது வருசம் மாட்டுக்குத் தட்டு அறுத்த ஆளுங்க. பட்டினியும் கிடந்து பாத்தாச்சு. மூணு மாசத்துல பத்து கிலோ குறையும், அடுத்த ஆறு மாசத்துல பன்னெண்டு கிலோ ஏறும். அளவுக்கு மீறி ஏறின உடம்பு, எடை குறைஞ்சா ஏதோ பஞ்சம் வந்துட்டதா நினைச்சுப் பசியைக் கூட்டும், செலவைக் குறைக்கும். இதை வைராக்கியத்தால மட்டும் ஜெயிக்கறவங்க கொஞ்சப் பேருதான்.

இந்த ஆபரேசன் நேத்து வந்த வித்தையும் இல்லை. அமெரிக்காவுல அயோவா பல்கலைக்கழகத்துல எட்வர்ட் மேசன்ங்கற டாக்டர் 1960கள்லயே இரைப்பை பைபாஸ் செஞ்சிருக்கார். இப்ப நம்ம பக்கம் அதிகமா நடக்கறது ‘ஸ்லீவ்’. இரைப்பையில முக்கால் பங்குக்கு மேல நெடுக்க வெட்டி எடுத்துட்டு, வாழைப்பழ வடிவத்துல ஒரு குழாயை மட்டும் விடுவாங்க. பசியைத் தூண்டற கிரெலின்ங்கற ஹார்மோன் பெரும்பாலும் சுரக்கறது வெட்டி எடுக்கற அந்த மேல் பகுதியிலதான். பைபாஸ்னா, சின்னக் கோழிமுட்டை அளவுக்கு ஒரு பையை மட்டும் பிரிச்சு, அதை நேரா சிறுகுடலோட சேர்த்துடுவாங்க. 2022ல அமெரிக்கச் சங்கம் ஒண்ணும் உலக அளவிலான சங்கம் ஒண்ணும் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதல்ல, ஆசியக்காரங்களுக்குப் பி.எம்.ஐ. 27.5 தாண்டினாலே இதை ஒரு வழியாச் சொல்லலாம்னு இருக்கு. நம்ம உடம்புக்கு அந்த எடையிலயே சக்கரையும் கொழுப்பும் வந்துருதே. அதனால இன்னிக்கு இல்லைன்னாலும் நாளைக்கு உங்க சொந்தத்துலயும் ஒருத்தர் இதைப் பண்ணிட்டு உங்க பந்தியில வந்து உக்காரத்தான் போறாங்க.

தோட்டக்காரன் பாசையில சொன்னா, இது வாய்க்கால் பாசனத்துல இருந்து சொட்டு நீருக்கு மாறின கதை. முன்னாடி மடையத் திறந்து பாத்தி நிறையப் பாய்ச்சினோம். இப்ப கொஞ்சங் கொஞ்சமா, நேரத்துக்கு, வேருக்கிட்ட மட்டும் விடணும். சொட்டு நீர் போட்ட தோட்டத்துல வந்து யாராவது "பாவம், தண்ணி பத்தலையே"ன்னு மடையத் திறந்து விட்டா என்ன ஆகும்? அதைத்தான் எங்க சனங்க அக்காளுக்குச் செஞ்சாங்க.

ஆபரேசன் முடிஞ்சு முதல் ரெண்டு வாரம் நீர் ஆகாரந்தான். அப்புறம் மசிச்சது, அப்புறம் குழைவா வேக வச்சது. ஒன்றரை, ரெண்டு மாசம் ஆகும் சாதாரணச் சாப்பாட்டுக்கு வர. அதுலயும் ஒரு வாயை இருபது தடவைக்கு மேல மெல்லணும். சாப்பிடும்போது தண்ணி குடிக்கக் கூடாது. அரைமணி நேரம் கழிச்சு, அதுவும் உறிஞ்சி உறிஞ்சி. எங்க பக்கம் சோத்துக்கு முன்னாடி தண்ணிச் செம்புதான் வந்து உக்காரும். விக்கினா தண்ணி, காரம்னா தண்ணி. நாப்பத்தஞ்சு வருசப் பழக்கத்தை ஒரே நாள்ல மாத்தறது எத்தனை கஷ்டம்னு நீங்களே ஒரு வேளை தண்ணி இல்லாமச் சாப்பிட்டுப் பாருங்க, தெரியும்.

அதை விடப் பெரிய மாத்தம் வட்டலுக்குள்ள. இவங்களுக்குத் தினம் குறைஞ்சது 60 கிராம் புரதம் வேணும். இல்லாட்டி கொழுப்போட சேர்ந்து சதையும் கரையும். ஒரு இட்லியில சுமாரா ரெண்டு கிராம் புரதம். அறுபதுக்கு முப்பது இட்லி ஆச்சு. ஒரு இட்லியே திணறற வயித்துக்கு எப்படிப் பத்தும்? ஒரு முட்டையில ஆறு கிராம் இருக்கு. அதனால முதல்ல முட்டை, கறி, பருப்பு, தயிர், அடுத்தது காய், இடம் இருந்தா கடைசியில ரெண்டு வாய் சோறு. நாம காலங்காலமாச் சாப்பிட்டதுக்கு நேர் தலைகீழ்.

இதைப் பந்தியில உக்காந்து செஞ்சு பாருங்க. போன வருசம் மாரியம்மன் நோம்பிக்குக் கெடா வெட்டு. அக்கா சோத்தை ஒதுக்கி வச்சுட்டு, ரெண்டு துண்டு கறியப் பிச்சு மெதுவா மென்னுட்டு இருந்துச்சு. எதிர்ல இருந்த பொம்பளை பக்கத்து ஆளுக்கிட்ட, "சோத்தைத் தொடாம கறிய மட்டும் பொறுக்கறா பாரு"ன்னாங்க. காது கேக்கற மாதிரிதான். ஒரு பெரியம்மா பாசத்துல, "என்ன கண்ணு இப்படிக் கொறிக்கறே, எனக்காக ஒரு வாய்"ன்னு குழம்பு ஊத்திச் சோத்தைப் பிசைஞ்சு நீட்டினாங்க. மறுக்க முடியலை. ரெண்டாவது வாய்லயே நெஞ்சு அடைச்சுப் பந்தலுக்குப் பின்னாடி ஓடி வாந்தி. திரும்பி வரும்போது பந்தியில ஒரே பேச்சு: "பாத்தியா, ஆபரேசன் ஒத்துக்கலை."

ஆபரேசன் ஒத்துக்கிச்சுங்க. ஒத்துக்காதது அந்த மூணாவது கரண்டிதான். பெரியம்மா மேல கோவிக்கவும் முடியாது. வேண்டாம்னு சொன்னா இன்னொரு கரண்டி போடறதுதான் மரியாதைன்னு வளர்ந்தவங்க. பஞ்சத்தைப் பாத்த தலைமுறை. அவங்க காலத்துல ஒரு கரண்டி சேத்திப் போடறது தன் பங்கைக் குறைச்சுக் குடுக்கறது. அந்த அன்பு உண்மை. அளக்கற அளவைதான் இந்த வயித்துக்குச் சேரலை.

அப்புறம் தோற்றம். எடை வேகமாக் குறையும்போது மூணாவது மாசத்துல இருந்து முடி கொத்தாக் கொட்டும். பெரும்பாலும் ஒரு வருசத்துக்குள்ள திரும்ப முளைச்சுடும். கையிலயும் வயித்துலயும் தோல் தொங்கும். அது அத்தனை சுலபமாச் சேராது. ஊர்க்கண்ணுக்கு இளைப்புன்னா நோய், இல்லைன்னா வறுமை. "சக்கரை முத்திப் போச்சாமே", "கேன்சராம், சொல்ல மாட்டேங்கறாங்க" — ரெண்டையும் என்ற காதாலயே கேட்டேன். குண்டா இருந்தப்பவும் பேசின அதே வாய்தான். அக்கா ஆறு மாசம் கல்யாணங் காட்சிக்கே போகலை. மாமா தனியாப் போய் மொய் வச்சுட்டு வருவாரு. முழங்கால் வலி போய் நடக்கத் தெம்பு வந்த நேரத்துல, ஊர்ப் பேச்சுக்குப் பயந்து சாளைக்குள்ளயே அடைஞ்சு கிடந்துச்சு. எனக்கு ஆத்தமாட்டாம இதை எழுத வச்சது அதுதான்.

இன்னொரு பேச்சு இன்னும் ஆபத்து. "தினம் இத்தனை மாத்திரை தின்னா கிட்னி போயிரும். நல்லாத்தானே இருக்கே, நிறுத்திப் போடு." ஒரு வருசம் ஆனதும் அக்கா சத்து மாத்திரைகளை நிறுத்திடுச்சு. அடுத்த ஆறேழு மாசம் ஒண்ணும் தெரியலை. அப்புறம் பாதத்துல ஊசி குத்தற மாதிரி மதமதப்பு, மாடிப்படி ஏறினா மூச்சு வாங்கறது, எந்நேரமும் அசதி. ரத்தம் பாத்தா பி12ம் இரும்புச்சத்தும் அடிமட்டம். பி12 உடம்புல சேர இரைப்பையில சுரக்கற ஒரு பொருள் வேணும். இரைப்பையே சிறுத்துப் போனதால அது குறைஞ்சுடுது. கையிருப்பு இருக்கற வரைக்கும் வெளிய காட்டாது. ஊசி போட்டு இப்பத் தேறிடுச்சு. சொட்டு நீருக்கு மாறினவன் உரத்தையும் கரைச்சு அந்தத் தண்ணி கூடவே விடணும்னு எங்களுக்குத் தெரியும். தென்னைக்கு வேளாண் பல்கலைக்கழக டானிக்கை ஆறு மாசத்துக்கு ஒருக்கா, மரத்துக்கு 200 மில்லி, தவறாம வேர்ல கட்டறோம். அதே அக்கறை மனுச உடம்புக்கும் வேணும். பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி எல்லாம் டாக்டர் சொன்ன அளவுல ஆயுசுக்கும் எடுக்கணும். வருசம் ஒரு தடவையாவது ரத்தம் பாக்கணும். வாந்தி நாள் கணக்குல நிக்கலைன்னா காத்திருக்காம ஆஸ்பத்திரிக்குப் போயிடணும். தயமின்ங்கற பி1 குறைஞ்சா நரம்பையும் மூளையையும் தாக்கிடும்.

மருந்துக்கடையில மூட்டு வலிக்குன்னு காகிதத்துல மடிச்சுத் தர்ற ‘செட்’ மாத்திரையும் ஆகாது. பைபாஸ் பண்ணினவங்களுக்கு அந்த வலி மாத்திரை புண்ணாக்கிடும். சாராயம் சீக்கிரமாத் தலைக்கேறும், பழக்கமா ஒட்டிக்கவும் செய்யும். நோம்பிக்கு "ஒரு ரவுண்டு மாப்ள"ன்னு கூப்பிடறவங்க இதை ஞாபகம் வச்சுக்கணும். பாயசம், தெளுவு மாதிரி இனிப்பை மடமடன்னு குடிச்சா, முக்கியமா பைபாஸ்காரங்களுக்கு, வேர்த்து, படபடத்து, தலை சுத்தும்.

ஆஸ்பத்திரிக்காரங்களுக்கும் எனக்கு ஒரு வார்த்தை இருக்குதுங்க. அக்காளுக்குக் குடுத்த சாப்பாட்டுச் சீட்டுல இருந்தது ஓட்ஸ், சூப், டப்பா பவுடர். எங்க வீட்டுல இருக்கறது கொள்ளு, பச்சப்பயிறு, முட்டை, எருமைத் தயிர், நாட்டுக்கோழி. ரெண்டையும் இணைச்சுச் சொல்ல ஆள் இல்லை. ஆறு மாசம் கழிச்சு அக்காளே கண்டுபிடிச்சுது: கொள்ளை நல்லா வேக வச்சுக் கடைஞ்சா இறங்குது, நாட்டுக்கோழி கெட்டி, கொத்திப் போட்டாத்தான் ஆகும். "கொழுத்தவனுக்குக் கொள்ளு, இளைச்சவனுக்கு எள்ளும்பாங்க, நான் இளைச்சும் கொள்ளுதான் தம்பி"ன்னு சிரிக்கும். சீட்டை நோயாளி கையில மட்டும் குடுக்காம, அந்த வீட்டுல சமைக்கற மாமியார், மருமக, புருசன் யாரோ அவங்களையும் உக்கார வச்சுச் சொல்லணும். எங்க அக்கா வீட்டுல மாமியார் ஒரு தடவை கூட ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகப்படலை. அடுப்பு அவங்க கையிலதான் இருந்துச்சு.

இப்ப அக்கா எடை 82. நடுவுல 79 வரைக்கும் போய், மூணு கிலோ ஏறியிருக்கு. ரெண்டாவது வருசத்துக்கு மேல கொஞ்சம் ஏறறது பலருக்கும் நடக்கறதுதான். அதை வச்சு, "பாத்தியா, காசு தண்டம்"னு சொல்றதுக்கும் ஊர்ல ஆள் இருக்குது. நாலு சக்கரை மாத்திரை ஒண்ணாகியிருக்கறதும், தனியா பஸ் ஏறி மகளைப் பாக்கப் போறதும் அவங்க கண்ணுல படாது.

பொங்கலுக்கு ஊருக்கு வர்றீங்க, சொந்தக்காரங்க வீட்டுக்கெல்லாம் போவீங்க. அங்க இப்படி ஒருத்தர் இருந்தா, "எவ்வளவு குறைஞ்சே"ன்னு கிலோ கணக்குக் கேக்காதீங்க. சின்ன வட்டலா வையுங்க. கறியையோ பருப்பையோ முதல்ல வச்சுட்டு, வேணுங்கறதை அவங்களே எடுத்துக்க விடுங்க. அரைமணி நேரம் ஆனாலும் கூட உக்காந்து பேசிட்டிருங்க, எந்திரிச்சுப் போயிடாதீங்க. மிச்சம் வச்சா முகஞ் சுளிக்காதீங்க, மாட்டுத் தொட்டி இருக்கு. அந்தத் தொட்டியில கூட நாங்க சோத்தை அளந்துதான் கொட்டுவோம். விருந்துல மிஞ்சினதுன்னு மொத்தமாக் கொட்டினா வயிறு உப்பி மாடே செத்துப் போகும்னு இங்க சின்னப் பசங்களுக்கும் தெரியும்.