நஷ்டத்தை நிறுக்கும் தராசு

தருமபுரி கடைவீதியில் ஒரு மளிகைக் கடை தீப்பிடித்து எரிகிறது என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் இன்ஷூரன்ஸ் செய்திருக்கிறார். "8 லட்சம் ரூபாய்ச் சரக்கு போய்விட்டது" என்கிறார் அவர். கம்பெனி அனுப்பிய சர்வேயரோ, "நஷ்டம் 3 லட்சம்தான்" என்று எழுதுகிறார்.

இந்த இருவருக்கும் நடுவே ஒரு நடுவர் வருகிறார். அவர் என்ன செய்ய வேண்டும்?

"இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி, ஐந்தரை லட்சம் கொடுத்தால் தீர்ந்தது" என்று சிலர் சொல்வார்கள். யானைக்கும் பானைக்கும் சரி என்பது போன்ற தீர்ப்பு அது!

உண்மையான நஷ்டம் 7 லட்சம் என்றால், கடைக்காரர் வயிற்றில் அடித்ததாகும். 3 லட்சம்தான் என்றால், பிரீமியம் கட்டிய மற்றவர்களின் பணத்தை வாரிவிட்டதாகும். இன்னொரு கேடும் உண்டு. பாதிக்குப் பாதிதான் தீர்ப்பு என்று தெரிந்துவிட்டால், அடுத்த முறை ஒருவர் கூட்டிச் சொல்வார். மற்றவர் குறைத்துச் சொல்வார். உண்மை சொன்னவனே ஏமாந்து போவான்.

அமெரிக்காவில் ஒரு வழக்கம் உண்டு. நஷ்டத் தொகையில் தகராறு வந்தால் இரு தரப்பாரும் ஆளுக்கொரு மதிப்பீட்டாளரை வைத்துக்கொள்கிறார்கள். அந்த இருவரும் சேர்ந்து "அம்பயர்" என்ற நடுவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மூவரில் இருவர் ஒப்புக்கொண்ட தொகையே முடிவு. நடுவரின் கூலியை இரு தரப்பாரும் சமமாகக் கொடுக்கிறார்கள். கூலி ஒரு பக்கமிருந்து வந்தால் மனமும் அந்தப் பக்கம் சாயும் அல்லவா?

நமது நாட்டில் 1996-ம் ஆண்டின் மத்தியஸ்தச் சட்டம் நடுவரின் கடமையைத் தெளிவாகச் சொல்கிறது. தன் நடுநிலையில் சந்தேகம் எழுப்பக்கூடிய உறவோ தொடர்போ இருந்தால், அதை நடுவர் முன்கூட்டியே எழுத்தில் சொல்லிவிட வேண்டும். இரு தரப்பாரையும் சமமாக நடத்த வேண்டும். தம் கட்சியைச் சொல்ல இருவருக்கும் முழு வாய்ப்புத் தர வேண்டும்.

சர்வேயருக்குக் கூலி கொடுப்பது கம்பெனிதான். ஆனாலும் அவர் கம்பெனியின் ஆள் அல்ல, லைசென்ஸ் பெற்றவர், நடுநிலையோடு மதிப்பிட வேண்டியவர். அவர் எழுதியதே வேதவாக்கும் அல்ல. சர்வேயர் அறிக்கை முக்கியமானது என்றாலும் அதுவே கடைசி வார்த்தை ஆகாது என்று சுப்ரீம் கோர்ட் 2009-ல் ஒரு லாரி விபத்து வழக்கில் கூறியிருக்கிறது.

சாதாரண மக்களுக்கு இன்னொரு வாசல் உண்டு. அவர்தான் இன்ஷூரன்ஸ் குறைதீர்ப்பாளர். தமிழ்நாட்டுக்கு அவர் அலுவலகம் சென்னையில் இருக்கிறது. முதலில் கம்பெனிக்கு எழுத்தில் முறையிட வேண்டும். கம்பெனி மறுத்தாலோ, ஒரு மாதம் பதிலே வராவிட்டாலோ, ஒரு வருடத்துக்குள் இவரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை.

பாலக்கோடு, பென்னாகரம், அரூர் பக்கத்து உழவர்களுக்கும் இதில் பாடம் உண்டு. 2016-ல் தொடங்கிய பயிர் இன்ஷூரன்ஸ் திட்டத்தில், தேர்ந்தெடுத்த வயல்களில் பயிரை அறுத்து, எடை போட்டு, அந்தப் பகுதியின் விளைச்சலைக் கணக்கிடுகிறார்கள். அங்கே தராசைப் பிடிப்பவரும் ஒரு நடுவர்தான். அவர் வயலுக்கே போகாமல் கணக்கு எழுதினால், எத்தனை குடும்பங்களின் அடுப்பு அணையும்!

வள்ளுவர் நடுவு நிலைமைக்கென்றே ஓர் அதிகாரம் வைத்தார். நடுவில் நிற்பது வேறு. நடுநிலையில் நிற்பது வேறு. எரிந்த கடையை நேரில் பார்க்க வேண்டும். பில்லையும் இருப்புக் கணக்கையும் புரட்ட வேண்டும். ஒருவரைத் தனியே சந்தித்துப் பேசக் கூடாது. தொகை எப்படி வந்தது என்று காரணம் எழுத வேண்டும். ஒருவரின் கண்ணீரும் சாட்சி ஆகாது. மற்றவரின் பெரிய பெயரும் சாட்சி ஆகாது.

நாமும் நம் கடமையைச் செய்வோம். கொள்முதல் பில்லைக் கடையில் மட்டும் வைக்காமல், வீட்டிலும் ஒரு நகல் வைப்போம். தராசு நேராக நின்றாலும், தட்டில் வைக்க ஏதாவது வேண்டுமே!